பனிக்காலமும் மலைநாட்டுக் கூரைகளும்

தமிழ்நாட்டின் ஓட்டு வீடுகளில் ஐப்பசி மழைக்கு முன்னர் ஆள் வைத்து ஓடு மாற்றுவது நெடுநாளைய வழக்கம். உடைந்த ஓட்டை நீக்கி, நகர்ந்ததை ஒழுங்காக்கி, கூடல்வாயில் சேர்ந்த சருகை வாரி எறிந்துவிட்டால், கார்த்திகை முடியும்வரை ஒழுகலுக்குப் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை. இமயமலைச் சாரலில் வாழும் மக்களுக்கும் இதற்கு ஒப்பான கடமை ஒன்று உண்டு. பனிக்காலம் தொடங்குமுன் அவர்கள் தம் கூரையையும், கூரை நீரைக் கொண்டு செல்லும் தகர வாய்க்கால்களையும் சீர்செய்ய வேண்டும். ஆனால் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உள்ளது. மழைநீர் விழுந்தவுடன் வழிந்தோடிவிடுகிறது. பனியோ கூரையின் மீதே வாரக்கணக்கில் தங்கி, எடையாக அழுத்தி, உருகி, மீண்டும் உறைந்து, சிறு பழுதையும் பெருஞ்சேதமாக்கிவிடுகிறது.

இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும், 2019ஆம் ஆண்டு முதல் மைய ஆட்சிப் பகுதிகளாக விளங்கும் ஜம்மு-காஷ்மீர், லடாக் ஆகியவற்றிலும், உயர்ந்த இடங்களில் வாழும் குடும்பங்கள் அனைத்திற்கும் இது ஆண்டுதோறும் எழும் பிரச்சினை. வீடு கட்டித் தருவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கட்டிய வீட்டைப் பேணுவதைப் பற்றிப் பேசியது குறைவு. கூரைப் பராமரிப்பில் அடங்கிய தொழில்நுட்பம் எளியது, செலவும் சிறியது. அவ்வாறிருந்தும் அது ஏன் காலத்தில் நடைபெறுவதில்லை என்பதே ஆராயத்தக்க வினா.

பனியின் எடை

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிக்கிறது. இங்கு வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதை வெண்பனி என்றும், நீர் இறுகிக் கட்டியாவதைப் பனிக்கட்டி என்றும் வேறுபடுத்திக் கொள்வோம்.

புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடையுள்ளது. சில நாட்கள் கிடந்து படிந்த பனி 200 முதல் 300 கிலோவரை இருக்கும். நீர் ஊறிய ஈரப்பனி 400 கிலோவையும் தாண்டும். பனிக்கட்டியின் எடை கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ. 60 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூரையின் மேல் 30 சென்டி மீட்டர் உயரத்திற்குப் பனி கிடப்பதாகக் கொள்வோம். அது புதுப்பனியானால் எடை ஏறத்தாழ 1,800 கிலோ. ஈரப்பனியானால் 7,200 கிலோ. கண்ணுக்கு இரண்டும் ஒரே உயரந்தான். ஆனால் பின்னது ஒரு நடுத்தர லாரியின் சுமைக்கு ஈடானது. ஆகவே, உயரத்தைப் பார்த்து எடையை மதிப்பிடுவது தவறு. முதலில் பனியும் அதன்மேல் மழையும் விழும் நாட்களே கூரைக்கு மிகவும் அபாயமானவை.

பனிச்சுமையைக் கணக்கிடும் முறையை இந்தியத் தர நிர்ணயம் 875இன் நான்காம் பகுதி (1987) விவரிக்கிறது. சாதாரண இருபுறச் சரிவுக் கூரையில், சரிவு 30 பாகைக்கு மேல் கூடக்கூடச் சுமை குறைவதாகவும், 60 பாகைக்கு மேற்பட்ட சரிவில் பனி தங்காததாகவும் அது கொள்கிறது. மலைநாட்டு மக்கள் ஏட்டுக் கணக்கு ஏதுமின்றியே இவ்வுண்மையை அனுபவத்தில் கண்டிருந்தனர்.

வட்டாரத்துக்கொரு கூரை

இமயமலை முழுவதற்கும் பொதுவான கூரை என்று ஒன்றில்லை. காஷ்மீரப் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில், மரச்சட்டங்களின் மேல் பூர்ஜ மரப்பட்டையை அடுக்கி, அதன்மேல் மண்ணைப் பரப்பினர். பட்டை நீரைத் தடுத்தது. மண் குளிரைத் தடுத்தது. வசந்த காலத்தில் அம்மண்ணில் பூச்செடிகள் மலர்ந்ததைப் பயணிகள் வியந்து எழுதியுள்ளனர். பின்னர் நெளிதகடு அவ்விடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. இமாசலத்தின் காங்கடா மாவட்டத்தில் தரம்சாலாவுக்கு அருகிலுள்ள கனியாரா சுரங்கங்களின் சிலேட்டுப் பலகைகள் பல தலைமுறைகளாகக் கூரைக்குப் பயன்பட்டு வந்துள்ளன. லாகூலிலும் லடாக்கிலும் மழை மிகக் குறைவு. அங்கு மரக்கழிகளின் மேல் சுள்ளி பரப்பி மண் பூசிய தட்டைக் கூரையே மரபு. கால்நடைத் தீவனமும் விறகும் கூரை விளிம்பிலேயே அடுக்கப்படுகின்றன. விழும் பனியை மரச் சட்டுவத்தால் உடனுக்குடன் தள்ளிவிடுவது அவ்வீட்டாரின் அன்றாட வேலை.

சிம்லா போன்ற நகரங்களில் துத்தநாகம் பூசிய இரும்பு நெளிதகடே எங்கும் காணப்படுகிறது. எடை குறைவு, மலைப்பாதையில் தூக்கிச் செல்வது எளிது, பனி வழுக்கி விழும் என்பன அதன் சிறப்புகள். துத்தநாகப் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு பிடிப்பதும், கொக்கி தளர்ந்தால் காற்றில் பெயர்வதும் அதன் குறைகள். சிம்லாவில் இவற்றோடு குரங்குகளின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. அவை கூட்டமாகத் தகட்டின்மேல் குதித்தோடுவதால் கொக்கிகள் தளர்வது அங்கு எல்லோரும் அறிந்ததே.

பழுது உண்டாகும் விதம்

நல்ல கூரையும் பனிக்காலத்தில் ஒழுகுவது ஏன்? வீட்டினுள் அடுப்பு எரிகிறது. அச்சூடு மேலெழுந்து கூரைத் தகட்டை அடைகிறது. தகட்டின் மீதுள்ள பனியின் அடிப்பகுதி உருகி, நீர் மெல்ல இறவாரத்தை நோக்கி வழிகிறது. இறவாரமோ சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அதன் கீழே சூடு இல்லை. எனவே அங்கு வந்த நீர் மீண்டும் உறைகிறது. நாளடைவில் இறவாரம் நெடுகிலும் பனிக்கட்டியாலான ஒரு வரப்பு எழும்புகிறது. பின்னர் உருகி வரும் நீர் அவ்வரப்பைத் தாண்ட இயலாமல் அதன் பின்னே தேங்குகிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்கள் ஓடும் நீரை விலக்குவதற்காக அமைந்தவை. தேங்கிய நீரைத் தாங்குவதற்காக அல்ல. ஆகவே நீர் மேல்நோக்கி ஏறித் தகட்டிடுக்கு வழியே வீட்டிற்குள் இறங்குகிறது.

இறவாரத்தின் அடியில் பொருத்தப்பட்டுள்ள தகர வாய்க்கால் அடைபட்டிருந்தால் இவ்வரப்பு இன்னும் விரைவில் எழும்பும். தேவதாரு, பைன் மரங்களின் ஊசியிலைகள் மழைக்காலம் முழுவதும் வாய்க்காலில் விழுந்து பாய்போல் படிந்துவிடுகின்றன. அவற்றினிடையே நின்ற நீர் முதல் குளிரிலேயே உறைகிறது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். இணைப்புகள் பிளப்பதற்கும், இறங்கு குழாய்கள் வெடிப்பதற்கும் இதுவே காரணம். 15 சென்டி மீட்டர் அகலமுள்ள அரைவட்ட வாய்க்காலில் 10 மீட்டர் நீளத்திற்குப் பனிக்கட்டி நிறைந்தால் அதன் எடை சுமார் 80 கிலோ. தளர்ந்த ஆணிகள் அதனைத் தாங்குவதில்லை. வாய்க்கால் சரிந்து விழும்போது கீழே மனிதர் நின்றிருந்தால் நேரும் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

வாய்க்கால் இல்லாத வீட்டிலும், அது உடைந்த வீட்டிலும், உருகும் நீர் முழுவதும் அடித்தளத்தின் ஓரத்திலேயே இறங்கும். மேலே கூறிய 60 சதுர மீட்டர் கூரையில் கிடக்கும் 30 சென்டி மீட்டர் புதுப்பனி உருகினால் கிடைப்பது 1,800 லிட்டர் நீர். சமவெளியில் இது பெரிதன்று. மலைச்சரிவில் மண்ணை இளக்கும் ஒவ்வொரு நீர்த்தாரையும் கருதத்தக்கது. 2023 ஆகஸ்டில் பெருமழையின்போது சிம்லாவில் நேர்ந்த மண்சரிவுகள், சரிவில் இறங்கும் நீருக்கு உரிய வழி அமைப்பது எத்துணை முக்கியம் என்பதை நினைவூட்டின.

இடையில் கிடைக்கும் ஆறு வாரங்கள்

சிம்லா, குல்லு, கட்வால் போன்ற பகுதிகளில் பருவமழை செப்டம்பர் இறுதியில்தான் விலகுகிறது. நவம்பர் நடுவிலிருந்து உயரமான இடங்களில் இரவு வெப்பநிலை உறைநிலையை நெருங்குகிறது. அதன்பின் வண்ணப்பூச்சு சரியாகக் காய்வதில்லை. சிமெண்டுக் கலவை இறுகத் தாமதமாகிறது. மண்பூச்சு உறைந்து உதிர்கிறது. டிசம்பர் முதல் மார்ச்சுவரை, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்த அலைகள் அடுத்தடுத்துப் பனியைக் கொண்டு வருகின்றன. காஷ்மீரில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் 40 நாட்களைச் ‘சில்லை கலான்’ என்பர்; கடுங்குளிர்க் காலம் அதுவே.

எனவே வேலைக்கு எஞ்சுவது அக்டோபர் தொடங்கி நவம்பர் நடுவரை உள்ள ஆறு வாரங்களே. இதனையும் முழுமையாக நம்புவதற்கில்லை. காஷ்மீரில் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே கனத்த பனி விழுந்து, இலையுதிராத ஆப்பிள் மரங்களை முறித்துப் போட்டது.

செய்ய வேண்டியவை

முதற்பணி வாய்க்காலையும் இறங்கு குழாயையும் துப்புரவு செய்வது. ஊசியிலைகளையும் சேற்றையும் கையால் வாரியெடுத்தபின், மேல்முனையில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் எங்கேனும் நின்றால் அவ்விடத்தில் வாய்க்கால் தொய்ந்துள்ளது என்பது பொருள். 10 மீட்டர் நீளத்திற்கு 8 சென்டி மீட்டர் அளவேனும் இறக்கம் இருப்பது நல்லது. தளர்ந்த தாங்கிகளை இறுக்கி, குழாயின் அடிவாயிலிருந்து நீர் அடித்தளத்தை விட்டு விலகி ஓடுமாறு கால்வாய் அமைக்க வேண்டும்.

இரண்டாவதாக, கூரையின் கொக்கிகளையும் திருகாணிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல். அவற்றின் அடியிலுள்ள தார் வளையங்கள் வெயிலில் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஆணித்துளை எப்போதும் தகட்டு நெளிவின் மேட்டில் இருக்க வேண்டுமேயன்றிப் பள்ளத்தில் இருத்தலாகாது. துருப்பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சினை வெயில் உள்ள நாளிலேயே பூச வேண்டும். சிலேட்டுக் கூரையில் பிளந்த பலகையை மாற்றுவதும், மண்கூரையில் வெடிப்புகளைப் புதுமண்ணால் மூடி நீர்த்தாரையைச் சுத்தம் செய்வதும் இவற்றுக்கு ஈடான பணிகள்.

மூன்றாவது, புகைபோக்கி. இமாசலத்தில் தந்தூர் என்றும் காஷ்மீரில் புகாரி என்றும் வழங்கும் இரும்பு அடுப்பின் குழாய் கூரையைத் துளைத்தே வெளியேறுகிறது. அத்துளையின் சுற்றுப்புறம் ஒழுகலுக்கு முதலிடம். அன்றியும், கரி படிந்தோ பனி மூடியோ குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு அறைக்குள் தங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் விழிக்காமலேயே உயிர் துறக்க நேரிடும். எனவே குழாயைச் சுத்தம் செய்வதும், அதன் வாய் பனிமட்டத்திற்கு மேலே நிற்குமாறு உயர்த்துவதும் உயிர்காக்கும் செயல்களாம்.

கூரைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தளம் ஒன்று அமைத்துச் சூடு மேலேறாமல் தடுத்தால், இறவாரத்தில் பனிக்கட்டி வரப்பு எழுவது வெகுவாகக் குறையும், விறகும் மிச்சமாகும். கூரைமீது ஏறுபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஆணி வரிசை தெரியும் இடத்தில், அதாவது அடியில் சட்டம் உள்ள இடத்தில் மட்டுமே கால் வைக்க வேண்டும். பனியைத் தள்ள மரச் சட்டுவமே ஏற்றது. இரும்பு மண்வெட்டி தகட்டின் பூச்சைச் சுரண்டிவிடும். சரியும் பனிக்கு அடியில் குழந்தைகளோ கால்நடைகளோ நில்லாதவாறு பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை.

குடும்பத்தின் கணக்கு

இவ்வளவு எளிய பணி ஏன் தவறிப் போகிறது? ஓர் உதாரணத்தால் விளக்குவோம். புதுக் கூரை போட 3 லட்சம் ரூபாய் என்றும், ஆண்டுப் பராமரிப்பு 4,000 ரூபாய் என்றும், பேணினால் கூரை 40 ஆண்டும் பேணாவிட்டால் 20 ஆண்டும் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்திற்காக மட்டுமே எடுத்துக்கொண்டவை. 40 ஆண்டுகளில் பேணுபவர் செலவிடுவது 1 லட்சத்து 60 ஆயிரம். பேணாதவர் 20ஆம் ஆண்டில் மீண்டும் 3 லட்சம் செலவிட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் பேணுவதே இலாபம்.

ஆனால் இன்றைய ரூபாயும் 20 ஆண்டுக்குப் பிந்தைய ரூபாயும் சமமல்ல. ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கொண்டு கழித்துப் பார்த்தால், பராமரிப்புச் செலவின் இன்றைய மதிப்பு சுமார் 60,000 ரூபாய். இரண்டாவது கூரையின் இன்றைய மதிப்பு சுமார் 93,500 ரூபாய். இப்போதும் பேணுவதே இலாபம். அதே குடும்பம் ஆண்டுக்கு 24 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையில் இருந்தால் கணக்குத் தலைகீழாகிறது. பராமரிப்பின் இன்றைய மதிப்பு சுமார் 16,600 ரூபாய். புதுக் கூரையின் இன்றைய மதிப்போ ஏறக்குறைய 4,000 ரூபாய்தான். பணம் அரிதான வீட்டில் இன்றைய 4,000 ரூபாய் 20 ஆண்டுக்குப் பின் வரும் 3 லட்சத்தைக் காட்டிலும் கனமானது. கூரையைப் பேணாதவரை அறியாமையுடையவர் என்று முடிவு கட்டுவது எவ்வளவு பொருந்தாது என்பது இதிலிருந்து விளங்கும்.

கையில் பணம் வரும் காலமும் இடையூறாகவே அமைகிறது. ஆப்பிள் விளையும் உயர்ந்த பகுதிகளில் அறுவடையும் கூரைவேலையும் ஒரே காலத்தில் நெருக்குகின்றன. ஆட்கள் அனைவரும் தோட்டத்தில் இருப்பர். சந்தை முகவரிடமிருந்து பழத்தின் விலை வந்து சேருமுன் பனி வந்துவிடக்கூடும். இக்கணக்கில் சேராத இழப்புகளும் உள. நனைந்த தானியம், படுக்கை, பள்ளிப் புத்தகங்கள், ஈரச் சுவரருகே உறங்கும் முதியவரின் நோய், எல்லாவற்றிற்கும் மேலாகக் கூரை சரிந்தால் நேரும் உயிரிழப்பு ஆகியவற்றுக்கு வட்டி வீதம் விடை கூறாது.

அலுவலகத்தின் கணக்கு

அரசுக் கட்டிடங்களுக்கு 24 சதவீத வட்டி என்ற சாக்கு இல்லை. அரசு குறைந்த வட்டியில் கடன் பெற இயலும். ஆகவே மேலே கண்ட கணக்கின்படி காலத்தில் பேணுவதே அரசுக்கு இலாபம். இங்குத் தடையாக நிற்பது நாட்காட்டி.

இக்கட்டுரையாளர் இளம் அதிகாரியாகச் சிம்லாவில் பணியாற்றியபோது கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடலாம். ஓர் அலுவலகக் கூரையைச் சீர்செய்வதற்கான மதிப்பீடு மே மாதத்தில் அனுப்பப்பட்டது. விளக்கங்கள் கோரப்பட்டன, விளக்கங்கள் அளிக்கப்பட்டன. அனுமதி டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பே பனி வந்துவிட்டது. ஜனவரியில் பதிவேட்டு அறையில் நீர் இறங்கி, கட்டுக் கட்டாகக் கோப்புகள் ஊறின. நனைந்த கோப்புகளை அடுப்பருகே விரித்து உலர்த்துவதில் நாங்கள் பல நாட்களைக் கழித்தோம். மார்ச்சில் நிதியாண்டு முடிவதால் தகடுகள் அவசரமாக வாங்கப்பட்டுக் கிடங்கில் அடுக்கப்பட்டன. கணக்கில் பணம் செலவாயிற்று. கூரையோ அப்படியே இருந்தது. ஒருவரும் விதியை மீறவில்லை. ஒருவரும் தவறு செய்யவுமில்லை. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் நிதியாண்டும், அக்டோபரில் தொடங்கி நவம்பரில் முடியும் வேலைக்காலமும் ஒன்றையொன்று அறியாதிருந்தன என்பதே உண்மை.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. புதுக் கட்டிடம் மூலதனச் செலவு. அதற்குத் திறப்பு விழா உண்டு. பராமரிப்பு வருவாய்ச் செலவு; நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. தவிர்க்கப்பட்ட சேதத்திற்குக் கணக்கில் பத்தி கிடையாது.

கைக்கொள்ளத்தக்க வழிகள்

முதலாவதாக, பனி விழும் மாவட்டங்களில் கூரைப் பராமரிப்பு மதிப்பீடுகள் ஜூனில் தயாராகி, செப்டம்பர் 30ஆம் நாளுக்குள் அனுமதி பெற வேண்டும் என்று தேதி குறிக்கலாம். சிறு தொகைகளுக்கு அனுமதியளிக்கும் அதிகாரத்தை அவ்விடத்துப் பொறியாளரிடமே விடுவது பயன் தரும். இரண்டாவதாக, ஒவ்வொரு பள்ளி, சுகாதார நிலையம், பஞ்சாயத்துக் கட்டிடத்திற்கும் கூரைப் பதிவேடு ஒன்று வைத்து, கடைசியாக எப்போது வாய்க்கால் துப்புரவு செய்யப்பட்டது, எந்தத் தகடு மாற்றப்பட்டது என்று குறித்து வரலாம். ஒரு பக்கம் போதும்.

மூன்றாவதாக, கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் அறுவடைக்கு முன்பே குறுகிய காலக் கடனாக ஒரு சிறு தொகையை வழங்கி, பழ விற்பனைக்குப் பின் அதனைத் திரும்பப் பெறலாம். 4,000 ரூபாய் உரிய வட்டியில் உரிய மாதத்தில் கிடைக்குமானால் மேலே கண்ட கணக்கு மீண்டும் நேராகிவிடும். நான்காவதாக, தொழிற்பயிற்சி நிலையங்களில் கூரைவேலைக்கு இடமளித்தால், ஆறு வாரங்களில் தேவைப்படும் தேர்ந்த கைகள் உள்ளூரிலேயே கிடைக்கும்.

வீட்டு வசதித் திட்டங்களிலும் இதற்கு இடமுண்டு. 2016இல் தொடங்கப்பட்ட பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டம் மலை மாநிலங்களின் கூடுதல் செலவை உணர்ந்து, சமவெளியில் 1.20 லட்சம் ரூபாயாகவும் மலைப்பகுதியில் 1.30 லட்சம் ரூபாயாகவும் உதவித் தொகையை நிர்ணயித்தது. வீடு ஒப்படைக்கப்படும் நாளில், அவ்வட்டார மொழியில் அச்சிட்ட கூரைப் பராமரிப்பு அட்டை ஒன்றையும் சேர்த்தளித்தால் அதற்காகும் செலவு அற்பமே.

கூரை என்பது ஒரு வீட்டின் மிகப் பெரிய சேமிப்பு. வங்கியில் இட்ட சேமிப்புக்கு வட்டி தானாகவே சேரும். கூரையில் இட்ட சேமிப்போ கவனிக்காத ஒவ்வோர் ஆண்டும் கரைந்து போகிறது. அக்டோபர் மாதத்தின் ஒரு தெளிந்த நாளில், ஏணியும் ஒரு வாளி நீரும் கொண்டு அதனைக் காக்க முடியும். அந்நாள் தவறாமல் வருமாறு பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று. கோப்பில் தேதியிடும் நம் அனைவரின் பொறுப்புமாகும்.